குடைக்காம்பும் நான்கு எழுத்துகளும்: நெஞ்சுப் பெருந்தமனியை மனத்தில் நிறுத்திய கதை



சென்ற தீபாவளிக்கு என் முன்னாள் மாணவி ஒருத்தி வீட்டிற்கு வந்திருந்தாள். ஐந்தாம் ஆண்டில் என் வகுப்பில் பயின்றவள். இப்பொழுது மருத்துவப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. முறுக்குத் தட்டைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் குடையின் வளைந்த கைப்பிடி போன்ற ஒரு படத்தை வரைந்தாள். வளைவின் மேல் மூன்று கோடுகளை இழுத்தாள்.

"ஐயா, இதுதான் நெஞ்சிலுள்ள பெருந்தமனி. இதன் கிளைகளை நினைவில் வைக்க எங்களுக்கு நான்கே எழுத்துகள் போதும். ஏ, பி, சி, எஸ்!" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. முதலெழுத்துகளைக் கோத்து மனத்தில் நிறுத்தும் வழியை அவளுக்கு முதன்முதலில் காட்டியவன் நான்தான். ஆனால் அவள் அடுத்துச் சொன்னது என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

"இந்த நான்கு எழுத்துகளால்தான் ஐயா, உடற்கூற்றுத் தேர்வில் ஒரு கேள்வியைத் தவறவிட்டேன். வளைவிலிருந்து கிளம்பும் இரண்டாவது கிளையில் ஓர் ஊசியைக் குத்தி வைத்திருந்தார்கள். நான் பார்க்கவே இல்லை. ஏ, பி, சி என்று மனத்துக்குள் எண்ணி, கரோட்டிட் என்று எழுதிவிட்டேன். அந்த உடலில் மொத்தமே இரண்டு கிளைகள்தாம் இருந்தன."

கண்முன்னே இருந்ததை அவள் காணவில்லை. மனப்பாடம் அவள் கண்ணை மறைத்துவிட்டது. அந்த மனப்பாட முறையை அவளுக்குக் கற்பித்த எனக்கும் இதில் பங்குண்டு அல்லவா? இந்த உறுத்தலோடு சில வாரங்கள் நூல்களைப் புரட்டினேன். அவளுடைய பிழைக்கு ஏறத்தாழ 1,800 ஆண்டு வரலாறு உண்டு என்பதை அறிந்தபோது வியப்பும் ஓரளவு ஆறுதலும் ஏற்பட்டன. அவ்வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

குடைக்காம்பின் மூன்று கிளைகள்

முதலில் பெருந்தமனியைப் பற்றிச் சிறிது காண்போம். இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்படும் இத்தமனி மேல்நோக்கி எழுகிறது. பின் இடப்புறமும் பின்புறமுமாக வளைகிறது. முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்குகிறது. குடைக்காம்பைத் தலைகீழாகப் பிடித்தால் அதே வடிவந்தான். உடலின் எல்லா உறுப்புகளுக்கும் செல்லும் குருதி இதன் வழியாகவே புறப்படுகிறது.

வளைவின் மேற்புறத்திலிருந்து வழக்கமாக மூன்று கிளைகள் கிளம்புகின்றன. முதலாவது, வலக்கைக்கும் தலையின் வலப்பக்கத்துக்கும் பொதுவான ஒரு பருத்த தண்டு. சற்று மேலே சென்றபின் அது இரண்டாகப் பிரியும். இரண்டாவது, கழுத்தின் இடப்பக்கமாகத் தலைக்குச் செல்வது. மூன்றாவது, இடப்பக்கக் காறை எலும்பின் அடியாக இடக்கைக்குச் செல்வது. வலப்பக்கம் ஒரே தண்டு, இடப்பக்கம் தனித்தனியாக இரண்டு என்னும் இந்தச் சமமின்மைதான் மாணவர்களைக் குழப்புகிறது.

எனவே 'ஏ' என்றால் அயோர்ட்டா, அதாவது பெருந்தமனி. 'பி' என்றால் பிரேக்கியோசெஃபாலிக் தண்டு. 'சி' என்றால் இடது காமன் கரோட்டிட். 'எஸ்' என்றால் இடது சப்கிளேவியன். அரிச்சுவடியின் முதல் மூன்று எழுத்துகளோடு இன்னும் ஓர் எழுத்து, அவ்வளவே. கிளைகள் புறப்படும் வரிசையும் எழுத்துகளின் வரிசையும் ஒத்துப்போவதே இதன் சிறப்பு.

பாட்டாய்ப் படித்த மருத்துவம்

நினைவுக்குத் துணை தேடுவது இன்றைய பழக்கமன்று. கிரேக்கக் கவிஞர் சிமோனிடீஸைப் பற்றிய பழங்கதை ஒன்றைக் கி.மு. 55-இல் உரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதிவைத்தார். விருந்து மண்டபத்தின் கூரை இடிந்து விருந்தினர் அனைவரும் இறந்தனர். உடல்களை அடையாளங்காண இயலவில்லை. சற்று முன்னர் வெளியே சென்றிருந்த சிமோனிடீஸ், யார் யார் எந்த எந்த இடத்தில் அமர்ந்திருந்தனர் என்பதை நினைவுகூர்ந்து ஒவ்வொருவரையும் இனங்காட்டினாராம். இடமும் வரிசையும் நினைவைத் தாங்கும் என்னும் பாடத்தை மேலைநாட்டார் இக்கதையிலிருந்தே எடுத்துக்கொண்டனர்.

மருத்துவ ஆசிரியர்கள் செய்யுளையும் துணைக்கழைத்தனர். இபின் சினா (980–1037) தம்முடைய பெரிய மருத்துவ நூலோடு நின்றுவிடவில்லை. மருத்துவத்தின் சாரத்தை 1,300-க்கும் மேற்பட்ட அடிகளில் அரபுச் செய்யுளாகவும் இயற்றினார். மாணவர் எளிதில் மனப்பாடம் செய்யவேண்டும் என்பதே அதன் நோக்கம். பின்னாளில் அது இலத்தீனுக்கும் சென்றது. இத்தாலியின் சலேர்னோ நகரப் பெயரைத் தாங்கிய உடல்நல நெறிகளும் இலத்தீன் செய்யுளாகவே ஐரோப்பாவெங்கும் பரவின. அச்சு இல்லாத காலத்தில் நூல் என்பது அரிய பொருள். மாணவனின் நெஞ்சே அவனுக்கு நூலகம். நிகண்டுகளையும் எண்சுவடியையும் பாடிப் பாடிப் படித்த மரபில் வந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

மாட்டுத் தலையிலிருந்து வந்த பிழை

மனப்பாடத்தின் மறுபக்கத்தையும் காணவேண்டும்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் கேலன் என்னும் மாபெரும் மருத்துவர். தமனிகளில் காற்று ஓடுகிறது என்ற கருத்து நிலவிய காலத்தில், அவற்றில் இருப்பது குருதியே என்று ஆய்வின்வழி மெய்ப்பித்தவர் அவர். ஆயினும் மனித உடலை அறுத்தாராயும் வாய்ப்பு அவருக்கு இல்லை. குரங்கு, பன்றி, மாடு ஆகியவற்றின் உடல்களையே அறுத்து ஆராய்ந்தார். மாடு, ஆடு போன்ற குளம்புள்ள விலங்குகளில், கழுத்துவழி மேலேறும் தமனிகள் மூளையின் அடியில் வலைபோல் பின்னிக் கிடக்கும். அந்த 'வியத்தகு வலை' மனிதருக்கும் உண்டு என்று கேலன் எழுதிவிட்டார்.

மனிதருக்கு அத்தகைய வலை கிடையாது. ஆயினும் அவ்வாக்கியம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கற்பிக்கப்பட்டது!

எப்படி? மனித உடலை அறுக்கும் வழக்கம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் தொடங்கிய பின்னரும் அது நீடித்ததே, அது எப்படி? பொலோஞா நகரத்து மொந்தினோ 1316-இல் எழுதிய உடற்கூற்றுக் கையேடு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பாடநூலாக விளங்கியது. அக்காலத்து வகுப்பு எப்படி நடந்தது என்பதைப் பழைய படங்கள் காட்டுகின்றன. பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நூலை வாசிப்பார். கீழே வேறொருவர் உடலை அறுப்பார். மாணவர் சுற்றிநின்று கேட்பர். வாய் நூலைச் சொல்லிற்று. கை உடலை அறுத்தது. இரண்டையும் ஒருங்கே ஒப்பிட்டுப் பார்க்கும் கண்தான் அங்கே அரிதாக இருந்தது.

1520-களின் தொடக்கத்தில் பெரெங்காரியோ என்னும் இத்தாலிய அறுவை மருத்துவர், தாம் எவ்வளவோ தேடியும் அந்த வலையைக் காணவில்லை என்று எழுதினார். அதன் பின்னரும் பிழை ஓயவில்லை. பதுவா பல்கலைக்கழகத்தில் கற்பித்த இளம் ஆசிரியர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ், 1538-இல் மாணவர்களுக்காக வெளியிட்ட ஆறு பெரிய படத்தாள்களில் அவ்வலையையும் வரைந்திருந்தார். மனிதத் தலையை அறுத்துக் காட்டும்போது வலையைக் காட்டுவதற்கென்றே ஆட்டுத் தலையையோ மாட்டுத் தலையையோ பக்கத்தில் வைத்துக்கொள்வாராம்! மனிதத் தலையில் அது தென்படாதபோதும், இருந்தே தீரவேண்டும் என்று அவர் நம்பினார்.

ஐந்தே ஆண்டுகளில் அவர் மாறினார். 1543-இல் வெளியிட்ட மனித உடலின் அமைப்பைப் பற்றிய பெருநூலில், அந்த வலை மனிதருக்கு இல்லை என்று அறிவித்தார். அத்துடன் நில்லாமல், தாமும் அவ்வாறே நம்பிக் கற்பித்ததை ஒப்புக்கொண்டு, தம்முடைய மடமையைத் தாமே நொந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. ஓர் ஆசிரியர் அச்சில் இப்படி எழுதுவதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! இப்பகுதியை வாசித்தபோது சற்று நேரம் நூலை மூடிவைத்துவிட்டேன்.

பெயரை உறுப்பின் மேலேயே எழுதியவர்

வெசாலியஸின் படங்கள் அழகானவை. ஆனால் ஒவ்வோர் உறுப்பின் மேலும் சிறிய எழுத்துக்குறி மட்டுமே இருக்கும். அக்குறி எதைச் சுட்டுகிறது என்பதை வேறொரு பட்டியலில் தேடவேண்டும். படத்துக்கும் பட்டியலுக்கும் இடையே கண் அலைந்து கொண்டிருக்கும்.

இலண்டனில் 1858-இல் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் இக்குறையைப் போக்கியது. அந்நூலின் 363 படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்னும் இளம் மருத்துவர். அவர் தமனியின் பெயரைத் தமனியின் மேலேயே, அது வளைந்து செல்லும் போக்கிலேயே எழுதினார். பெயரையும் பொருளையும் கண் ஒரே பார்வையில் பற்றிக்கொண்டது. என்னைக் கேட்டால், உடற்கூற்றியலில் தோன்றிய மிகச் சிறந்த நினைவுத்துணை இதுவே என்பேன்.

இந்த நூலுக்கும் தமிழுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860-களில் தமிழையே பயிற்றுமொழியாக்கினார். அவரும் அவருடைய மாணவர்களும் தமிழாக்கிய மருத்துவ நூல்களுள் கிரேயின் நூலும் ஒன்று. உடற்கூற்றியலை அவர்கள் 'அங்காதிபாதம்' என்று வழங்கினர்.

தாய்மொழியில் பெயரிடுவதும் ஒரு நினைவுத்துணைதான். 'சப்கிளேவியன்' என்றால் ஒலி மட்டுமே மனத்தில் நிற்கும். 'காறை எலும்பின் கீழுள்ளது' என்றால் இடமே தெரிந்துவிடும். 'பிரேக்கியோசெஃபாலிக்' என்பது கை, தலை என்னும் இரு சொற்களின் சேர்க்கையே. 'கரோட்டிட்' என்னும் பெயர் ஆழ்ந்த மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கழுத்தில் அதை அழுத்தினால் மயக்கம் வரும் என்று முன்னோர் எண்ணியதே காரணம். இப்பொருள்களை விளக்கியபோது என் மாணவி, "ஐயா, அப்படியென்றால் கை, கழுத்து, காறை என்றே சொல்லிவிடலாமே!" என்றாள். மூன்றும் ககர வரிசையில் மோனையாக அமைந்துவிட்டன. வலமிருந்து இடமாக வரிசையும் சரியே. நம் மொழி தானாகவே கொடுத்த நினைவுத்துணை!

மீண்டும் ஒரு மாடு

மாணவி கண்ட அந்த உடலுக்கு வருவோம். அதில் இடது கரோட்டிட் தமனி தனியாகக் கிளம்பாமல், முதல் தண்டுடன் சேர்ந்தே கிளம்பியிருந்தது. ஆகவே வளைவில் இரண்டாவதாக இருந்தது சப்கிளேவியன். இது நோயன்று, பிறவியிலேயே அமைந்த மாறுபாடு. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இப்படி அமைவதுண்டு. வேறு சிலருக்கு நான்காவதாக ஒரு கிளையும் வளைவிலிருந்தே கிளம்பும். கிரேயின் நூலே இத்தகைய மாறுபாடுகளைக் குறிப்பிட்டிருக்கிறது. நூலில் இருந்த குறிப்பு நான்கு எழுத்துகளுக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த மாறுபாட்டை மருத்துவர்கள் நெடுங்காலமாக 'மாட்டு வளைவு' என்று அழைத்து வந்தனர். நினைவில் நிற்கும் பெயர்தான். ஆனால் மாட்டின் வளைவு அப்படியிராது! மாட்டுக்கு வளைவிலிருந்து ஒரே பெருந்தண்டு கிளம்பி, அதிலிருந்தே இரு முன்னங்கால்களுக்கும் தலைக்கும் கிளைகள் பிரிகின்றன. பெயர் பொருந்தாது என்பதை 2006-இல் அமெரிக்க நரம்புக் கதிரியல் இதழில் வந்த ஒரு கட்டுரை தெளிவாக எடுத்துக்காட்டியது. கேலன் காலத்தில் மாட்டின் உறுப்பை மனிதருக்கு ஏற்றினார்கள். நம் காலத்திலோ மாட்டுக்கே இல்லாத ஓர் அமைப்பை மாட்டின் பெயரால் மனிதருக்குச் சூட்டினார்கள். இரண்டுமே, பார்த்துச் சரிபாராமல் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொன்னதன் விளைவு.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. மூளைத் தமனி அடைபட்டு வாதம் ஏற்பட்டவருக்கு, தொடையிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பெருந்தமனி வளைவைக் கடந்து, கழுத்துத் தமனிக்குள் நுழைந்து உறைகட்டியை அகற்றும் சிகிச்சை இன்று உண்டு. 2015-இல் வெளிவந்த பல ஆய்வுகளுக்குப் பின் அது பரவலாயிற்று. இடது கழுத்துத் தமனி முதல் தண்டிலிருந்து கிளம்பினால், குழாயை அதனுள் திருப்புவது கடினம். அங்கே ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது. நான்கு எழுத்துகளை மட்டும் நம்பும் கை தடுமாறும். படத்தைப் பார்த்து எண்ணும் கண் வழி கண்டுகொள்ளும்.

நம் வகுப்பறைக்கு என்ன பாடம்?

என் சொந்தப் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து பணியில் சேர்ந்த புதிதில், ஒன்பது கோள்களின் முதலெழுத்துகளைக் கோத்து ஒரு வாக்கியமாக்கி மாணவர்களைப் பாட வைத்தேன். 2006 ஆகஸ்டில் அனைத்துலக வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கியது. மறு வாரம் ஒரு மாணவன், "ஐயா, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை என்ன செய்வது?" என்று கேட்டான். நான் சிரித்து மழுப்பினேன். புளூட்டோ ஏன் நீக்கப்பட்டது என்பதை அன்றே நான் விளக்கியிருக்க வேண்டும். வாக்கியத்தைக் காப்பாற்றுவதிலேயே என் கவனம் இருந்தது.

2021-இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர் அகற்றப்பட்டபோது, "இனி மனப்பாடமே வேண்டாம்" என்று பெற்றோர் சிலர் கூறினர். "மனப்பாடம் இல்லாவிட்டால் பிள்ளைக்கு என்னதான் நிற்கும்?" என்று வேறு சிலர் கவலைப்பட்டனர். இரு சாராரிடமும் உண்மை உண்டு. பெயர்களும் வரிசையும் மனத்தில் இல்லாத மருத்துவரிடம் நாம் போவோமா? பெயர்களை மட்டுமே வைத்திருப்பவரிடந்தான் போவோமா?

நம் யாப்பிலக்கணத்தில் இதற்கொரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நேர் நேர் என்னும் சீருக்கு வாய்பாடு 'தேமா'. அச்சொல்லை அசை பிரித்தால் அதுவே நேர் நேர். 'புளிமா' நிரை நேர். 'கருவிளம்' நிரை நிரை. 'கூவிளம்' நேர் நிரை. எதை நினைவூட்ட வேண்டுமோ அதையே வாய்பாடு தன்னுள் சுமந்து நிற்கிறது. மாணவன் மறந்தாலும் சொல்லைப் பிரித்துப் பார்த்துச் சரி செய்துகொள்ளலாம். ஏ, பி, சி, எஸ் என்பதில் அந்த வசதி இல்லை. எழுத்துகளைப் பிரித்தால் தமனி கிடைக்காது. குடைக்காம்புப் படமும், கை, கழுத்து, காறை என்னும் சொற்களும் தேமாவுக்குச் சற்று அருகில் வருகின்றன.

இப்பொழுது என் வகுப்பில் நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்:

1. முதலில் பொருளையோ படத்தையோ காட்டுவேன். மாணவர் தம் கையால் வரைவர்.
2. பெயரின் பொருளைச் சொல்வேன். பெயரைப் படத்தின் மேலேயே எழுதச் சொல்வேன்.
3. அதன் பின்னரே நினைவுத்துணை. இயன்றவரை மாணவரே அமைப்பர்.
4. பொருந்தாத எடுத்துக்காட்டு ஒன்றையாவது கடைசியில் கொடுப்பேன். எங்கே பொருந்தவில்லை என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

நான்காவது படியைத்தான் நான் பல ஆண்டுகள் விட்டுவிட்டேன். பெற்றோர்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். பிள்ளை ஒன்றை மளமளவென ஒப்புவித்தால் பாராட்டுங்கள்; பிறகு, "எங்கே, காட்டு பார்க்கலாம்" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அது போதும்.

மாணவி விடைபெறும்போது, "ஐயா, நீங்கள் கற்றுக்கொடுத்தது தவறில்லை. நான்தான் பார்க்க மறந்துவிட்டேன்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். "பார்க்க வேண்டும் என்று நானும் சொல்ல மறந்துவிட்டேனம்மா" என்றேன். அந்த நாள்காட்டித் தாளை வாங்கி, மூன்று கோடுகளுக்கு மேலே 'எண்ணிப் பார்' என்று எழுதி, என் பாடக்குறிப்பேட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் பயன்பட்ட நினைவுத்துணைகளை எனக்கும் எழுதுங்கள். அவை பொருந்தாமற்போன இடங்களையும் மறவாமல் எழுதுங்கள்.